பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பாடம்: நம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியலும் குடிமைத் திறனும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகை முடிந்ததும் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் ஒரு வெள்ளைத்தாளோடு நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்க தெருவுக்கு மூணு மாசமா குழாயில தண்ணி வரல. நாளைக்குத் திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கணும். எழுதிக் கொடுங்க" என்றார். அவருடன் அவருடைய பேரன் நின்றிருந்தான். அந்த ஆண்டுதான் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் எடுத்திருந்தான். "நீ எழுதலாமே தம்பி" என்றோம். பேரன் தலையைச் சொறிந்தான். "யாருக்குன்னு போடணும் ஹஜ்ரத்?" என்றான்.

குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருக் குழாய் யாருடைய பொறுப்பு என்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆலிம் பட்டம் பெற்று வெளியே வந்த புதிதில் நாமே ஊராட்சி பார்க்க வேண்டிய வேலைக்கு வேறோர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தவர்கள். அரசியலமைப்பைப் பாடமாகப் படித்தது அதற்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தபோதுதான். அன்று முதல் நம்மைத் தொடர்ந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சமூக அறிவியல், வாழ்க்கையில் எங்கே போய்ச் சேருகிறது? தருமபுரி மாவட்டத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து அதற்கான விடையை இங்கே தொகுத்துத் தருகிறோம். மற்ற மாவட்டத்தாரும் தம் ஊரின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

பாடம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றைச் சேர்த்துச் சமூக அறிவியல் என்கிறோம். 2018-19இல் தொடங்கி வகுப்பு வகுப்பாகப் புதிய பாடநூல்கள் வந்தன. குடிமையியல் பகுதியைப் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் வியப்படைவார்கள். மக்களாட்சி, உள்ளாட்சி, சமத்துவம், ஊடகம், நுகர்வோர் பாதுகாப்பு, சாலைப் பாதுகாப்பு, மனித உரிமை, நீதித்துறை எல்லாம் ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் வந்துவிடுகின்றன. ஆகவே பாடம் இல்லை என்று சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைக்குச் சமூக அறிவியல் அதோடு முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதில் கடைசிப் பாடம், பதினெட்டு வயதில் முதல் வாக்கு. இடையில் மூன்று ஆண்டுகள் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. அந்த இடத்தை நிரப்புவது கைப்பேசியில் வரும் முன்னனுப்பிய செய்திகள்தான். பள்ளியை இடையில் விட்டு ஹிஃப்ளு வகுப்பிலோ வேலையிலோ சேரும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிப் பாடம்கூடக் கிடைப்பதில்லை. மதரஸாவில் படித்தவர்கள் என்ற முறையில் இந்தக் குறையை நாமே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. அன்றிருந்த மாவட்டங்களில் அதுதான் கடைசி. மாநிலச் சராசரி 80 விழுக்காடு. வீட்டில் மனு எழுதத் தெரிந்த மூத்தவர்கள் குறைவாக உள்ள மாவட்டத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளைதான் வீட்டின் எழுத்தர். அந்தப் பிள்ளைக்கு இந்தத் திறன் இல்லையென்றால் முழுக் குடும்பத்துக்கும் இல்லை என்றே பொருள்.

குடிமையியல் வேறு, குடிமைத் திறன் வேறு

மேலவையில் எத்தனை உறுப்பினர்கள் என்று தெரிவது தகவல். நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதத் தெரிவது திறன். நீச்சலைப் பற்றிப் படிப்பதற்கும் கிணற்றில் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. பள்ளிப் பருவத்துக்குள் ஒரு பிள்ளைக்கு வர வேண்டிய திறன்கள் என்று நாம் கருதுபவை ஆறு:

1. ஒரு பிரச்சினை எந்த அரசின், எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கண்டுபிடித்தல்.
2. தேதி, பெயர், கோரிக்கை ஆகியவற்றுடன் ஒரு பக்கத்துக்குள் மனு எழுதி, ஒப்புகை வாங்கி, பின்தொடர்தல்.
3. தகவல் கேட்டுப் பெறுதல்.
4. கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மரியாதையாகப் பேசுதல். எதிர்க்கருத்தை முழுதாகக் கேட்டல்.
5. வந்த செய்தி உண்மையா என்று சரிபார்த்தல்.
6. தன் ஆவணங்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ளுதல்.

இந்தக் கருத்து புதியதும் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1982இல் தொடங்கப்பட்ட ஏகலவ்யா என்ற கல்வி அமைப்பு, கிராமத்துப் பள்ளிகளில் சமூக அறிவியலை மனப்பாடத்திலிருந்து மீட்டுப் பிள்ளைகளின் சொந்த ஊர் வாழ்க்கையோடு சேர்த்துக் கற்பித்துக் காட்டியது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்குப் பின், நடுவண் பாடநூல்களில் 'குடிமையியல்' என்ற பெயரே 'சமூக, அரசியல் வாழ்க்கை' என்று மாற்றப்பட்டது. பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் சாரம்.

தருமபுரியே ஒரு பாடநூல்

சொந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

*வரலாறு: வீட்டில் இருக்கும் பட்டா.* தகடூர் என்று சங்க நூல்கள் சொல்லும் ஊர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. போர் மூளும் முன் பேசிப் பார்க்க ஒருவரை அனுப்பும் நடைமுறைக்கு நம் ஊரிலேயே ஈராயிரம் ஆண்டு வயது உண்டு. பிற்காலத்தில் இந்தப் பகுதி பாராமகால் எனப்பட்டது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக்குப் பின், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையை இங்கேதான் முயன்று பார்த்தார்கள். ரயத்துவாரி என்று பத்து மதிப்பெண்ணுக்குப் படிக்கும் பாடத்தின் பிறந்த வீடு நம் மாவட்டம். நிலத்துக்குத் தனித்தனி ஆளின் பெயரில் பதிவு இருக்க வேண்டும் என்ற அந்த முறையின் தொடர்ச்சிதான் இன்று நம் பெட்டியில் இருக்கும் பட்டா. பிள்ளையிடம் அதை எடுத்துக் கொடுத்து, புல எண் எது, உட்பிரிவு எது, பரப்பு எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இன்னும் இருக்கிறது என்பதைப் பல வீடுகளில் அன்றுதான் கண்டுபிடிப்பார்கள். வாரிசுரிமைப் பங்கீட்டை மார்க்கம் எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னாலும், ஆவணத்தில் பெயர் மாறாவிட்டால் தங்கைமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் உரிய பங்கு ஏட்டளவில்தான் நிற்கும்.

*புவியியல்: பல்லில் தெரியும் மஞ்சள் கறை.* தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பல்லில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். இதற்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்த ஒரு குழாய்க்குள் முழுப் பாடமும் இருக்கிறது. பாறையும் நீரும் புவியியல். கடனும் வட்டியும் பொருளியல். காவிரி நீரில் கர்நாடகத்தின் எதிர்ப்பு எழுந்தது கூட்டாட்சிப் பாடம். வீட்டு வாசலில் நீர் வருகிறதா என்பது உள்ளாட்சிப் பாடம். "நம் வீட்டில் குடிக்கிற தண்ணீர் ஆற்று நீரா, ஆழ்துளை நீரா? அதை யார் சோதிக்கிறார்கள்?" என்று பிள்ளையை விசாரித்து வரச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரியம் என்ற பெயரை அவன் அன்றுக்குப் பிறகு மறக்க மாட்டான்.

*குடிமையியல்: வாச்சாத்தி.* ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டிய பாடம் இது. அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடியினர் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தார்கள். மக்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பாதிக்கப்பட்டவர்களே சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

எழுத்தறிவும் செல்வாக்கும் இல்லாத அந்த மக்கள் கல்லெடுக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். வழக்கு நடக்கும்போதே அவர்களில் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட நீதிமன்றம் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்தக் கிராமத்துக்கே சென்று பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் உத்தரவிட்டார்.

31 ஆண்டுகள். நீதி தாமதமானது என்பது இதில் ஒரு பாடம். அதை மறைக்க வேண்டாம். அரசின் சீருடையும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டதே என்பது இன்னொரு பாடம். ஆனால் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய மூன்றாவது பாடம், அந்தப் பெண்கள் தேதி மறக்காமல், சொன்னதை மாற்றாமல், முப்பது ஆண்டுகள் சாட்சி சொன்னார்கள் என்பது. சமூகத்தில் மிகச் சிறிய எண்ணிக்கையில் இருப்பவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்கலாம். சாட்சியை மறைக்காதே, நீதிக்காக உறுதியாக நில் என்று குர்ஆன் நமக்கு இட்ட கட்டளையை, நமது மாவட்டத்தின் மலையடிவாரத்தில் பிறர் நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

யாரிடம் கேட்பது?

பேரன் கேட்ட கேள்விக்கு வருவோம். பிள்ளைகள் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாகச் சுருக்கமாகத் தருகிறோம்.

தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், சாக்கடை, குப்பை: கிராமத்தில் ஊராட்சி, நகரத்தில் நகராட்சி அல்லது பேரூராட்சி. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று: வருவாய்த்துறை, அதாவது கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை. குடும்ப அட்டை: வட்ட வழங்கல் அலுவலகம். அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, காவல் நிலையம், நகரப் பேருந்து: மாநில அரசு. ரயில், கடவுச்சீட்டு, தேசிய நெடுஞ்சாலை: ஒன்றிய அரசு. வாக்காளர் பட்டியல்: தேர்தல் ஆணையம், ஊரில் அதன் ஆள் வாக்குச்சாவடி நிலை அலுவலர்.

தருமபுரி மாவட்டத்தில் ஏழு வட்டங்கள், 251 ஊராட்சிகள், ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. தன் வட்டம், ஊராட்சி அல்லது நகராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி ஆகிய நான்கையும் தன் வீட்டு முகவரியைப் போலப் பிள்ளை சொல்ல வேண்டும்.

செய்து பழக நான்கு பயிற்சிகள்

*கிராமசபைக்கு அழைத்துச் செல்லுங்கள்.* தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை, ஆனால் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. வரவு செலவு வாசிக்கப்படுவதையும், தீர்மானம் எழுதப்படுவதையும், குறைந்தபட்ச எண்ணிக்கையில் ஆட்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 முதல் பகுதி சபைகள் உள்ளன.

இன்னொரு கேள்வியையும் பிள்ளைகள் கேட்கட்டும். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியும் முன் தேர்தல் என்று அரசியலமைப்பு சொல்லியிருக்க, ஏன் அப்படி? விடை தேடப் போகும் பிள்ளை, உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்த 73ஆவது திருத்தத்தைத் தானாகவே படித்துவிடுவான்.

*ஒரு மனு எழுதச் சொல்லுங்கள்.* அனுப்புநர், பெறுநர், பொருள், என்ன குறை, எப்போதிலிருந்து, என்ன வேண்டும், தேதி, கையொப்பம். கோபச் சொற்கள் வேண்டாம். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை போதும். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்தால் மனுவைத் தொலைத்ததற்குச் சமம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும் குறையைப் பதியலாம்.

*தகவல் கேட்கப் பழக்குங்கள்.* 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் காரணம் கேட்க முடியாது. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஓர் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ நிறைவில்லாவிட்டாலோ அதே துறையின் மேலதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 2012இல் லக்னோவைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, காந்தியடிகளுக்குத் 'தேசத் தந்தை' பட்டத்தை அரசு எப்போது வழங்கியது என்று கேட்டாள். அதற்கான ஆவணம் எதுவும் இல்லை என்று அரசு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு குழந்தையின் கேள்விக்கு நாட்டின் ஆவணக் காப்பகம்வரை தேடிப் பார்த்தார்கள்.

*ஒரு செய்தியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.* வாரம் ஒரு முன்னனுப்பிய செய்தியை எடுத்து, யார் சொன்னது, எப்போது, மூல ஆவணம் எங்கே என்று மூன்று கேள்வி கேட்கட்டும். ஹதீஸில் அறிவிப்பாளர் தொடரை அவ்வளவு கவனமாக ஆராய்ந்த சமுதாயம், அனுப்பியவர் பெயர்கூட இல்லாத செய்தியை ஏற்றுக்கொள்வது நமக்கு அழகா?

வக்ஃப் சட்டம் கற்றுத்தந்த பாடம்

இதன் அவசியத்தை நாம் கண்கூடாக உணர்ந்தது வக்ஃப் திருத்தச் சட்டம் பேசப்பட்ட நாட்களில். "சட்டம் வந்துவிட்டது" என்று ஒருவரும் "சட்டசபையில் தடுத்துவிட்டார்கள்" என்று இன்னொருவரும் "கோர்ட்டே ரத்து செய்துவிட்டது" என்று மூன்றாமவரும் ஒரே திண்ணையில் வாதிட்டார்கள். மூவரும் படித்தவர்கள்தாம். மசோதா வேறு, சட்டம் வேறு, தீர்மானம் வேறு, இடைக்காலத் தடை வேறு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நடந்த வரிசையைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் மசோதா அறிமுகமானது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. 2025 மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அது மாநிலத்தின் கருத்து, அதனால் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்த முடியாது. ஏப்ரல் தொடக்கத்தில் மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. ஏப்ரல் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தபோதுதான் அது சட்டம் ஆனது. ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் முழுச் சட்டத்தையும் நிறுத்த மறுத்து, சில பிரிவுகளுக்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தது.

கூட்டுக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கே எப்போது, எங்கே பேச வேண்டும் என்று தெரியும். மற்றவர்களுக்கு ஆதங்கம் மட்டுமே மிஞ்சும்.

பெண் பிள்ளைகளும் தாய்மார்களும்

இந்தத் திறன்களைப் பையன்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் சொல்வதையும், 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண் என்பதையும் ஒவ்வொரு மகளும் அறிந்திருக்க வேண்டும். தருமபுரி மாவட்டம் பெண் சிசுக்கொலைக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் பெயர் கெட்டிருந்த மாவட்டம் என்பதை நாம் மறக்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டு, தலைவர் பொறுப்பும் தாய்மார்களுக்கே தரப்பட்டது. கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் காலியிடம், இடைநின்ற பிள்ளை எல்லாவற்றையும் அங்கே பேசலாம். தாய் கூட்டத்தில் பேசுவதைப் பார்க்கும் மகளுக்குத் தனியாகக் குடிமைப் பாடம் தேவையில்லை.

மஹல்லா செய்யக்கூடியது

மாலை மக்தபில் வாரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு வாரம் ஒரு மனு, அடுத்த வாரம் ஒரு சான்றிதழ், அதற்கடுத்த வாரம் ஒரு செய்திச் சோதனை. பதினேழு வயது நிறைந்த பிள்ளைகள் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். பதினெட்டு நிறைந்தவுடன் பெயர் சேரும். இதற்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாட்கள்.

ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் அதைக் கூட்டிப் பார்க்கட்டும். நிர்வாகத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நம் பள்ளிவாசல் கணக்கைக் கேட்கத் துணிவில்லாத பிள்ளை, நாளை ஊராட்சிக் கணக்கைக் கேட்பான் என்று எதிர்பார்ப்பது வீண். கேட்டால் முகம் சுளிக்காத பெரியவர்கள் இதற்கு முதலில் வேண்டும்.

"இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் பதில் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வின் பாடப்பகுதியில் 90 வினாக்களில் 35 சமூக அறிவியல். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுப் பணித் தேர்வுகளின் பொதுஅறிவுப் பகுதியும் ஆறு முதல் பத்து வரையிலான இந்தப் பாடநூல்களைச் சுற்றியே வருகிறது. 2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு இருக்கும் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பயன்பட வேண்டுமென்றால், சான்றிதழ் சரியாக வாங்கி, தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகள் வேண்டும்.

ஒரே கப்பல்

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருப்பதால், தம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள், விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். அந்த உவமையில் கேள்வியே தண்ணீரைப் பற்றியதுதான் என்பதை நாம் வெகுகாலம் கவனிக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருப்பவரின் தாகம் மேலே இருப்பவர் காதில் விழ ஒழுங்கான வழி ஒன்று வேண்டும். அந்த வழியைத்தான் நாட்டில் மனு என்றும், சபை என்றும், வாக்கு என்றும், நீதிமன்றம் என்றும் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனுவை நாம் எழுதித் தரவில்லை. பேரனையே எழுத வைத்தோம். மூன்று தாள் கிழிந்தது, நான்காவது சரியாக வந்தது. மறுநாள் தாத்தாவும் பேரனும் சேர்ந்து போய்க் கொடுத்து, எண் போட்ட சீட்டோடு வந்தார்கள். தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. இரண்டு முறை நினைவூட்டல் எழுதிய பிறகு ஏழாவது வாரத்தில்தான் வந்தது. இரண்டு நினைவூட்டலையும் அவன்தான் எழுதினான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் மனு எழுத நம்மிடம் வருவதில்லை. அவனிடம் போகிறார்கள்.

நம் மஹல்லாவின் ஒவ்வொரு தெருவுக்கும் அப்படி ஒரு பிள்ளையை, மகனாகவோ மகளாகவோ, அல்லாஹ் தந்தருள்வானாக.